ஹியூமெராலிஸா, டிஸ்காய்டியஸா? மறுவிவரிப்புக் கட்டுரையை வைத்துக் கூன்வண்டுக்குப் பெயர் காண்பது

கேள்வி: விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு ஸ்பெயினில் ஒரு பூச்சியியல் ஆய்வகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். சரகோசா அருகே குதிரைமசால் வயல்களில் சிட்டோனா பேரினத்துக் கூன்வண்டுகள் நிறையப் பிடித்தோம். பழைய திறவுகோலில் (பண்புகளைப் படிப்படியாகப் பார்த்துச் சிற்றினத்தைக் கண்டறியும் அட்டவணையில்) சில வண்டுகள் சிட்டோனா ஹியூமெராலிஸ் என்று முடிகின்றன. சக மாணவர் அவை சிட்டோனா டிஸ்காய்டியஸ் என்கிறார். வழிகாட்டி இந்தப் பேரினத்து மறுவிவரிப்புக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, "இதைப் பார்த்து முடிவு செய்" என்றார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெயர் வைத்த வண்டை ஏன் மறுபடி விவரிக்கிறார்கள்? அதை வைத்து எப்படி அடையாளம் காண்பது? பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

பதில்: நீங்கள் குழம்பியிருக்கும் இந்த இரண்டு பெயர்களும் உலகையே ஒரு சுற்றுக் குழப்பிவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கின்றன. எனவே ஏன் என்ற கேள்விக்கு உங்கள் வண்டை வைத்தே பதில் சொல்லலாம்.

டிஸ்காய்டியஸ் மத்தியதரைக்கடல் பகுதியின் பூச்சி. கூன்வண்டு என்றதும் நினைவுக்கு வரும் நீண்ட மூக்கு இதற்குக் கிடையாது. நாலைந்து மில்லிமீட்டர் நீளம், குட்டையான அகன்ற மூக்கு, உடலெங்கும் சாம்பலும் பழுப்புமாகச் செதில்கள். முதிர்ந்த வண்டு இலை ஓரத்தைப் பிறைபிறையாகக் கடிக்கும். அதைவிடப் பெரிய சேதம் மண்ணுக்குள் நடக்கிறது, புழு வேர்முடிச்சுகளைத் தின்கிறது. 1958-இல் இந்த வண்டு ஆஸ்திரேலியாவில் தென்பட்டது, 1970-களின் நடுவில் நியூசிலாந்துக்கும் போய்விட்டது. அங்கே எல்லாரும் இதை ஹியூமெராலிஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பூச்சிக் கட்டுப்பாட்டுக் கட்டுரைகளை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். அது டிஸ்காய்டியஸ் என்பது 1980 வாக்கில்தான் திருத்தப்பட்டது.

பெயர் மாறினால் என்ன, வண்டு அதேதானே என்று கேட்கலாம். ஒரு பூச்சியின் இயற்கை எதிரியைத் தேடி அதன் தாயகத்துக்குப் போகும்போதுதான் இதன் கனம் புரியும். எந்த நாட்டில், எந்தச் செடியில், எந்த வண்டின் உடலிலிருந்து ஒட்டுண்ணியை எடுப்பது என்பதெல்லாம் பெயரைப் பின்தொடர்ந்தே முடிவாகிறது. மைக்ரோக்டோனஸ் ஈத்தியோபாய்டிஸ் என்ற சிறு குளவி முதிர்ந்த வண்டுக்குள் முட்டையிடும். முட்டை விழுந்த பெண் வண்டு மலடாகி, பிறகு சாகும். மொராக்கோவிலிருந்து எடுத்த குளவி வகை ஆஸ்திரேலியா வழியாக 1982-இல் நியூசிலாந்தில் விடப்பட்டது. குதிரைமசாலில் டிஸ்காய்டியஸை அது நன்றாகவே அடக்கியது. 1996-இல் அதே நாட்டில் சிட்டோனா லெபிடஸ் என்ற வேறொரு சிட்டோனா குளோவர் மேய்ச்சல் நிலங்களில் தென்பட்டபோது, அதே மொராக்கோ வகையால் அதை அடக்க முடியவில்லை. அயர்லாந்திலிருந்து வேறொரு வகையைக் கொண்டுவந்து 2006-இல் விட்ட பிறகுதான் பலன் கிடைத்தது. ஒரே பேரினத்தின் இரண்டு சிற்றினங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

அந்த லெபிடஸ் பெயரும் நிலைக்கவில்லை. கில்லென்ஹால் என்ற ஸ்வீடன் பூச்சியியலாளர் 1834-இல் வைத்த அந்தப் பெயருக்கு முன்பே, 1790-இல் க்மெலின் என்பவர் அதே வண்டுக்கு ஆப்சொலிட்டஸ் என்று பெயர் வைத்திருந்தார். முந்தியதே செல்லும் என்பது விதி. அதனால் அது இன்று சிட்டோனா ஆப்சொலிட்டஸ். வேளாண் துறையினர் இதைக் கேட்டு எரிச்சல்படுவதில் நியாயம் உண்டு, ஆனால் விதியைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது மறுவிவரிப்புக்கு வருவோம். ஷோன்ஹெர் என்ற ஸ்டாக்ஹோம் பட்டு வணிகர் உலகத்துக் கூன்வண்டுகளையெல்லாம் தொகுத்து 1833 முதல் பல தொகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் நிறைய விவரிப்புகளை எழுதியவர் கில்லென்ஹால். டிஸ்காய்டியஸும் 1834-இல் அவர் எழுதியது. விவரிப்பு இலத்தீனில் ஒரு பத்தி அளவு: நிறம், செதில், மூக்கின் பள்ளம், கழுத்துப்பகுதியின் வடிவம். படம் இல்லை. வண்டின் இனப்பெருக்க உறுப்பை எடுத்து ஒப்பிடும் வழக்கமும் அன்று இல்லை. இன்று ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று குறித்தே பெயர் வைக்கிறோம், அந்த முறை அன்று கிடையாது. கையில் இருந்த ஐந்தாறு வண்டுகளையும் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். அந்த ஐந்தில் இரண்டு வேறு சிற்றினமாக இருந்துவிட்டால்? பெயர் எந்த உடலுக்குச் சொந்தம் என்பதே கேள்வியாகிவிடும்.

மறுவிவரிப்பு செய்பவரின் முதல் வேலை அந்தப் பழைய மாதிரிகளைத் தேடிப் பிடிப்பது. ஷோன்ஹெரின் சேகரிப்பு ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிடைத்த மாதிரிகளில் ஒன்றை லெக்டோடைப் என்று அறிவித்தால், அன்றிலிருந்து பெயர் அந்த ஒரு வண்டோடு கட்டுப்பட்டுவிடுகிறது. முறைப்படி ஒருவர் அறிவித்துவிட்டால் பின்னால் வருபவர் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. மூல மாதிரிகள் அழிந்துபோய், பெயரில் உண்மையான சிக்கலும் இருந்தால் மட்டும் நியோடைப் என்று புதிய மாதிரியை நிறுத்த விதி இடம் தருகிறது. சும்மா ஒழுங்குக்காக நியோடைப் வைக்கக் கூடாது. மறுவிவரிப்பால் புதுப் பெயர் பிறப்பதில்லை, ஆசிரியரும் ஆண்டும் மாறுவதில்லை. எத்தனை பேர் மறுபடி விவரித்தாலும் அது கில்லென்ஹால், 1834 தான்.

உங்கள் கையில் உள்ள கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். ஆய்ந்த மாதிரிகள் என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். மூல மாதிரியை ஆசிரியர் கண்ணால் பார்த்தாரா, எத்தனை நாட்டு மாதிரிகளைப் பார்த்தார், ஆண் பெண் இரண்டும் இருந்தனவா என்று பாருங்கள். மூல மாதிரியைப் பார்க்காமல் எழுதிய மறுவிவரிப்பு எவ்வளவு அழகான படங்களோடு வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. அது ஆசிரியர் டிஸ்காய்டியஸ் என்று நினைத்த வண்டின் விவரிப்பு, அவ்வளவே.

அடுத்து வேறுபடுத்தும் பண்புகள் என்ற சிறு பகுதி. நீளமான விவரிப்பில் பாதி அந்தப் பேரினம் முழுவதற்கும் பொருந்தும், அதை வைத்துக்கொண்டு எதையும் பிரிக்க முடியாது. நெருங்கிய சிற்றினத்திலிருந்து எது பிரிக்கிறது என்பது இந்தப் பத்து வரியில்தான் இருக்கும்.

வெளித்தோற்றப் பண்புகளில் இரண்டு பொறிகள் உண்டு. செதில்கள் உதிரும். பழைய வண்டும், வலையில் உரசிய வண்டும் வழுக்கையாகிக் கறுப்பாகத் தெரியும், செதில் வரிசையை நம்பும் திறவுகோல் அங்கே தடுமாறும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த வண்டு இன்னும் நிறம் ஏறாமல் வெளிர்பழுப்பாக இருக்கும், அதைத் தனிச் சிற்றினம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இரண்டு வகையையும் ஒதுக்கிவிட்டு, செதில் முழுமையாக உள்ள ஆண்களோடு தொடங்குங்கள்.

ஆண் உறுப்பை எடுக்காமல் முடியாதா என்று கேட்பீர்கள். இந்த ஜோடியில் எடுப்பதுதான் நல்லது. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து இளக்குங்கள். நுண்இடுக்கியால் வயிற்றுப்பகுதியைக் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு வையுங்கள். அவசரமென்றால் மிதமாகச் சூடாக்கலாம், ஆனால் கூடவே இருந்து பார்க்க வேண்டும், அளவு மிஞ்சினால் மென்பகுதிகள் வெளிறிக் குழைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அந்தக் கரைசல் கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. பிறகு நீரில் அலசி, கிளிசரினில் போட்டு, மேலிருந்தும் பக்கவாட்டிலும் உறுப்பின் நுனியைக் கட்டுரைப் படத்தோடு ஒப்பிடுங்கள். கோணம் கொஞ்சம் மாறினாலும் நுனி வேறு வடிவமாகத் தெரியும், எனவே படத்தில் உள்ள அதே கோணத்துக்குக் கொண்டுவந்த பிறகே முடிவு செய்யுங்கள். எடுத்த உறுப்பைச் சிறு குப்பியில் கிளிசரினோடு இட்டு அதே ஊசியில் வண்டுக்குக் கீழே குத்திவையுங்கள். பிரித்து வைத்தால் ஒருநாள் எது யாருடையது என்று தெரியாமல் போகும்.

பெண் வண்டில் விந்துப்பையின் வளைவைப் பார்க்கலாம், அதற்குக் கட்டுரையில் படம் இருந்தால். இல்லையென்றால் அதே வயலில், அதே நாளில் பிடித்த ஆண்களின் முடிவை அப்படியே பெண்களுக்கும் போட்டுவிடாதீர்கள். உங்கள் வயலில் இரண்டு சிற்றினமும் கலந்திருக்கலாம். சில வண்டுகளையாவது 95 சதவீத எத்தனாலில் வைத்திருந்தால் ஒரு காலை எடுத்து டி.என்.ஏ. பட்டைக்குறி, அதாவது சிற்றினத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணு வரிசை, பார்க்கலாம். ஆனால் தரவுத்தளத்தில் உள்ள வரிசைக்கு யாரோ தவறான பெயர் போட்டிருந்தால் உங்களுக்கும் அதே தவறான பெயர்தான் வரும். உறுப்பைப் பார்த்து உறுதிசெய்த ஆணின் வரிசையை ஆதாரமாக வைத்து மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

பெயர்ச்சீட்டு விஷயம் எளிது. உறுதியான ஆண்களுக்குச் சிட்டோனா டிஸ்காய்டியஸ் கில்லென்ஹால், 1834 அல்லது சிட்டோனா ஹியூமெராலிஸ் ஸ்டீபன்ஸ், 1831 என்று எழுதி, அடையாளம் கண்டவராக உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். இரண்டிலும் ஆசிரியர் பெயருக்கு அடைப்புக்குறி வேண்டாம், இரண்டுமே முதலிலேயே சிட்டோனாவில் வைக்கப்பட்டவை. சிட்டோனா லினியேட்டஸ் கிடைத்தால் மட்டும் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள், லின்னேயஸ் அதைக் குர்குலியோ பேரினத்தில் வைத்திருந்தார். ஐயம் உள்ளவற்றுக்குப் பேரினப் பெயருக்குப் பின் சி.எஃப். (cf., 'ஒப்பிடுக' என்று பொருள்) சேர்த்துச் சிற்றினப் பெயரை எழுதலாம். அதுவும் முடியாத பெண்களைச் சிட்டோனா என்ற அளவில் நிறுத்திவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் முந்தைய ஆண்டுகளின் வண்டுகளில் யாராவது ஹியூமெராலிஸ் என்று சீட்டு வைத்திருந்தால் அதைக் கிழித்து எறியாதீர்கள். அதற்குக் கீழே உங்கள் சீட்டைச் சேருங்கள். அந்த மாதிரிகளை வைத்து அன்று ஏதாவது கட்டுரை வந்திருந்தால், அதில் சொன்ன வண்டு உண்மையில் எது என்று தேடுபவருக்கு அந்தப் பழைய சீட்டுதான் துப்பு.