கேரட்டும் முள்ளங்கியும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், வங்கியில் வேலை. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு விடுமுறையில் படிக்க நாலைந்து மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். வங்காளம், பஞ்சாப், பாகிஸ்தான் என்று எல்லாப் பக்கத்துக் கதைகளும் தெரியட்டும் என்றுதான். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'கோல் தோ' ('திறந்துவிடு') கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "ஏம்மா, நம்ம பக்கத்துக் கதையில பொண்ணுன்னு வந்தாலே ஒண்ணு அடி வாங்கணும், இல்ல சாகணும், அவ்ளோதானா? எனக்கு இந்தப் புத்தகமே வேண்டாம்" என்று சொல்லி எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்வது சரிதானோ என்றுகூடத் தோன்றுகிறது. பெண்கள் படும் பாட்டை எழுதினால்தான் இலக்கியம், அதற்குத்தான் விருது என்று ஆகிவிட்டதா? இத்தனை பேர் இத்தனை முறை எழுதி என்ன ஆயிற்று?

அன்புடன்,
ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். மகள் புத்தகங்களைத் திருப்பி வைத்துவிட்டாள் என்ற வரி மனதை விட்டுப் போகவே இல்லை.

முதலில் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கதையைப் படித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று அர்த்தம். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. அவளுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நம்மை அழவைப்பதற்கென்றே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, முதல் பக்கத்திலிருந்து அடித்து, கடைசிப் பக்கத்தில் கொன்றுபோடும் கதைகள் நிறைய உண்டு. தமிழிலும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை போடுவாள், எதற்குச் சிரிப்பாள் என்று ஒன்றும் தெரியாது. விழுகிற அடி மட்டும் விலாவாரியாக இருக்கும். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன். உங்கள் மகளும் மூடட்டும், தப்பே இல்லை.

மண்ட்டோவின் கதை அந்த ரகம் அல்ல. அதை அவள் இப்போது மறுபடி படிக்க வேண்டாம். அதில் வரும் துப்பட்டாவை மட்டும் நினைவுபடுத்துங்கள். 1947 பிரிவினையின்போது அமிர்தசரஸிலிருந்து கிளம்பிய அகதி ரயில் எட்டு மணி நேரம் கழித்து லாகூர் பக்கத்து முகல்புரா வந்து சேர்கிறது. முகாமில் கண் விழிக்கும் கிழவர் சிராஜுத்தீன் மகள் சகீனாவைத் தேடுகிறார். காணவில்லை. அவருடைய கோட்டுப் பை புடைத்திருக்கிறது. பார்த்தால் சகீனாவின் துப்பட்டா. உயிருக்கு ஓடிவரும்போது அது கீழே விழுந்திருக்கிறது, அவர் நின்று குனிந்து எடுத்திருக்கிறார். "விட்டுவிடுங்கள் அப்பா" என்று அவள் கத்தியிருக்கிறாள். சகீனா அந்தக் கதையில் வாய் திறந்து சொல்வதாக நம் காதில் விழுவது அது ஒன்றுதான். துப்பட்டா பத்திரமாக வந்துவிட்டது, பெண் வரவில்லை.

பிறகு அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் எட்டு இளைஞர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு, சாப்பாடும் பாலும் கொடுக்கிறார்கள். துப்பட்டா இல்லாமல் கூசிக் கைகளால் மார்பை மறைத்துக்கொள்ளும் அவளுக்கு ஒருவன் தன் மேல்கோட்டைக் கழற்றித் தருகிறான். அதற்குப் பிறகு நடந்ததை மண்ட்டோ எழுதவே இல்லை. ஒரு வரிகூட இல்லை. கடைசியில் மருத்துவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லும்போது அவளுடைய கைகள் தானாக அசைந்து உடையின் நாடாவை அவிழ்ப்பதில்தான் நமக்குத் தெரிகிறது. மானத்துக்கென்று ஒரு துணி, காப்பாற்றவென்று எட்டுப் பேர். அவள் சொன்ன ஒரு சொல்லை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்தக் கதை அதைப் பற்றியது.

விருதுக்காக அவர் அதை எழுதவில்லை. 1948-ல் அது 'நுகூஷ்' பத்திரிகையில் வந்ததும் பாகிஸ்தான் அரசு அந்தப் பத்திரிகையையே ஆறு மாதம் முடக்கிவைத்தது.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். ஒன்று அடி, இல்லாவிட்டால் சாவு, அவ்வளவுதானா? அடி நின்றுவிடுகிறது, சாவும் இல்லை, ஆனாலும் தாங்க முடியாத ஒரு கதையைச் சொல்கிறேன். ராஜிந்தர் சிங் பேடி உருதுவில் எழுதிய 'லாஜ்வந்தி'. லாஜ்வந்தி என்றால் தொட்டாற்சிணுங்கி. தொட்டால் இலை வாடிவிடும் என்று ஒரு பஞ்சாபி நாட்டுப்பாட்டு அந்தக் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிரிவினையில் சுந்தர்லாலின் மனைவி லாஜ்வந்தியை, அதாவது லாஜோவை, கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டு அனுப்பப்பட்ட பெண்களை வீட்டார் வாசலிலேயே நிறுத்திவிடும் காலம் அது. சுந்தர்லால் ஒரு கமிட்டியில் சேர்ந்து, விடிகாலையில் தெருத்தெருவாக ஊர்வலம் போகிறான். "அவர்களை மனதில் குடிவையுங்கள்" என்பது முழக்கம். ஒருநாள் அவன் லாஜோவே திரும்பி வருகிறாள். அவன் சொன்ன சொல் தவறவில்லை, கூட்டி வந்து வைத்துக்கொள்கிறான். முன்பெல்லாம் அவளை அடிப்பவன் அவன். இப்போது கை ஓங்குவதில்லை. 'தேவி' என்று கூப்பிடுகிறான்.

ஒரு தடவை மட்டும் கேட்கிறான், யார் அவன், உன்னை நன்றாக நடத்தினானா என்று. அவன் அடிக்கவில்லை, ஆனாலும் பயமாக இருந்தது; நீங்கள் அடிப்பீர்கள், ஆனால் உங்களிடம் பயம் இருந்ததில்லை, இனிமேல் அடிக்க மாட்டீர்களே என்கிறாள். அவன் கண் கலங்கிப் போகிறான். அவளுக்கு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. நடந்ததை விடு, உன் மேல் என்ன தப்பு என்று அவன் முடித்துவிடுகிறான். அவ்வளவுதான். சொல்ல வந்தது அவளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கேரட்டுக்குச் சண்டை பிடித்து முள்ளங்கிக்குச் சமாதானமாகிவிடும் பழைய லாஜோவாக அவளால் இனி ஆகவே முடியாது என்கிறார் பேடி.

இதைப் படித்தால், அடிதான் வேண்டுமா அவளுக்கு என்று உங்கள் மகள் சீறுவாள். சீற வேண்டும். லாஜோவுக்கு வேண்டியது கேரட்டும் முள்ளங்கியும்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். கோபித்துக்கொள்ளவும் பேசவும் உரிமை உள்ள ஒரு மனுஷியாக வீட்டில் இருப்பது. தேவியோடு யாரும் சண்டை போடுவதில்லை. தேவி என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்பதும் இல்லை.

இந்தக் கதையை நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். அந்த முள்ளங்கி வரியில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். காரணம் என் அத்தை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஓர் ஆடி மாதத்தில், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. "அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது" என்று தாத்தா சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். காற்று வரும் முன்னறை அவளுக்கு, கெட்டித் தயிர் அவளுக்கு, அடுப்படிப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். ஊர் பேசியதை வீட்டுக்குள் நுழையவே விடவில்லை. அத்தை நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது, "அந்த வீட்டுக் கெணத்துல கயிறு எட்டவே எட்டாதுடி" என்றாள். பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பாட்டி உள்ளே வந்தாள். அத்தை ரிப்பனை முடிச்சுப் போட்டு என்னை விளையாட அனுப்பிவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். நான் கேட்கவே இல்லை. நான் வளர்ந்து, படித்து, எழுத வந்த பிறகும் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அவள் இல்லை.

வீட்டில்தான் இப்படி என்றால் நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. பிரிவினையில் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 75,000 பெண்கள் கடத்தப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களை மீட்க 1949-ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. அதில் 'கடத்தப்பட்டவர்' யார் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. 16 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளை, அப்புறம் எந்த வயதுப் பெண்ணும். முஸ்லிமாக இருந்து, 1947 மார்ச் 1-லிருந்து 1949 ஜனவரி 1-க்குள் குடும்பத்தைப் பிரிந்து, முஸ்லிம் அல்லாதவரிடம் இருந்தால் போதும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் வந்து கூட்டிப் போகலாம். போக மாட்டேன் என்று அவள் சொன்னால் அந்தச் சொல் சட்டத்தின் முன் செல்லாது. உங்கள் மகளுக்கு என்ன வயது, பதினாறா? அந்த வயதைத் தாண்டிய பையன் அந்தச் சட்டத்துக்குள் வரவே மாட்டான். ஐம்பது வயதுக்காரியாக இருந்தாலும் பெண் வருவாள். கடத்தியவனும் அவளைக் கேட்கவில்லை, மீட்டவர்களும் கேட்கவில்லை.

அமிர்தா ப்ரீத்தம் பஞ்சாபியில் எழுதிய 'பிஞ்சர்' நாவலை இந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 1950-ல் வந்த நாவல். கடத்தப்பட்ட பூரோ ஓர் இரவில் தப்பித்து வீட்டுக்கு ஓடி வருகிறாள். பெற்றவர்கள் ஏற்க மறுக்கிறார்கள். கடத்தியவனோடேயே வாழ்கிறாள், பெயர்கூட மாறிவிடுகிறது, அந்தப் புதுப் பெயரைக் கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து, பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட தன் சகோதரனின் மனைவியை (அவள் பெயரும் லாஜோதான்) துணிந்து தேடிக் கண்டுபிடித்து அனுப்பிவைக்கிறாள். நீயும் வந்துவிடு, இப்போது எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்கிறான் சகோதரன். அவள் போகவில்லை. லாஜோ வீடு போய்ச் சேர்ந்தால் பூரோவும் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்த முடிவு சரியா என்று எனக்கு இன்னமும் மனதுக்குள் சண்டைதான். கடத்தியவனோடு தங்குவதா என்று ஒரு மனம் கொதிக்கிறது. ஆனால் அங்கே முடிவு சொல்வது பூரோ.

எழுதி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண்களை நேரில் தேடிப் போய், உட்கார்ந்து கேட்டு எழுதிய ஊர்வசி புட்டாலியாவின் புத்தகமும், ரிது மேனனும் கமலா பாசினும் சேர்ந்து எழுதிய புத்தகமும் 1998-ல் வந்தன. பிரிவினை நடந்து ஐம்பது வருஷம் கழித்து. அதற்குள் எத்தனையோ பேர் என் அத்தையைப் போலச் சொல்லாமலே போய்விட்டார்கள். மண்ட்டோ ஒரே வருஷத்தில் எழுதிவிட்டார். பேடியும் அமிர்தா ப்ரீத்தமும் காயம் ஆறுவதற்குள் எழுதினார்கள். யாரும் கேட்காத காலத்தில் அந்தக் கதைகள் கேட்டன. சட்டத்தை மாற்றினவா என்றால் இல்லை. ஆனால் கேட்க வேண்டும் என்பதே எனக்கு அந்தக் கதைகளைப் படித்துத்தான் உறைத்தது. என் விஷயத்தில் காலம் கடந்து உறைத்தது. உங்கள் மகளுக்குப் பதினாறு வயதில் உறைத்தால் எவ்வளவு நல்லது!

என்ன கொடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ரொக்கேயா சகாவத் உசேனின் 'சுல்தானாவின் கனவு' முதலில். 1905-ல் வந்தது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள், சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கும். அவள் சிரித்துக்கொண்டே படிப்பாள். பிறகு ராசசுந்தரி தேவி வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய தன் வாழ்க்கைக் கதை. பன்னிரண்டு வயதில் கல்யாணம், வீடு நிறையக் குழந்தைகள். பெண் படித்தால் தாலிக்கு ஆபத்து என்று நம்பிய காலம். அவர் 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஓர் ஏட்டை உருவி, மகன் எழுதிப் பழகிய ஓலையையும் எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்துக்கொள்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, சிறுவயதில் காதில் விழுந்த எழுத்துகளை நினைவிலிருந்து இழுத்து, தானே படிக்கக் கற்றுக்கொள்கிறார். ஏட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே படித்த பெண் அவர். கஷ்டம் அதிலும் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. ஆனால் அதைச் சொல்வது அவர் வாய்.

பேடியின் கதையை மூன்றாவதாக வையுங்கள், முடிந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். அந்த கேரட், முள்ளங்கி வரி வரும்போது அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா