கட்டடக்கலையையும் வணிகத்தையும் சேர்த்துப் படிப்பது என்றால் என்ன?

உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் கேட்கும் கேள்வி இது. கட்டடத்தை வடிவமைக்கக் கற்பதோடு, அதன் செலவு, கடன், ஒப்பந்தம், வருமானம் ஆகியவற்றையும் கற்பதுதான் இது. எந்த வரைபடமும் யாரோ ஒருவரின் பணத்தில்தானே கட்டடமாகிறது!

நிலாவெளியில் கடலோரமாக ஒரு விடுதி கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் குறைவார்கள். முதலாவது வடிவமைப்பாளரின் கவலை, இரண்டாவது கணக்குப் பார்ப்பவரின் கவலை. இரண்டும் தெரிந்தவர் எத்தனை அறை, என்ன பொருள் என்பதைத் தொடக்கத்திலேயே சேர்த்து யோசிப்பார். நம் ஊர் மீன்பிடியிலும் இதே கதைதான்: ஓடாவி படகு செய்வார், டீசல், வலை, ஆட்கூலி எல்லாம் படகு முதலாளியான சம்மாட்டியின் கணக்கு. சம்மாட்டியின் கணக்கும் தெரிந்த ஓடாவியை நினைத்துப் பாருங்கள்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் 5 ஆண்டுகள், அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. வணிகக் கற்கைகளுக்கு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் திருகோணமலை வளாகத்திலேயே பீடம் இருக்கிறது. முதலில் கட்டடக்கலை, அப்புறம் வணிக நிர்வாகத்தில் முதுமாணி என்று போவதே நல்லது என்பேன்.

கணிய அளவையியலும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டடத்தின் செலவை அளக்கும் படிப்பு, வடிவமைக்கும் படிப்பு அல்ல.