அடகில் தப்பித்த அண்டா

பழைய தாள், பழைய படம், பழைய கதை பற்றி வாசகர்கள் கேட்க, மதுரையில் நாற்பது வருடமாக பைண்டிங் பட்டறை நடத்துபவர் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: தொண்டியில் எங்கள் பழைய வீட்டு வாசலில் 1958இல் எடுத்த குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் பொரிந்து வருகிறது. லேமினேஷன் செய்துவிடலாமா?
– வாசகர், வில்லாபுரம்

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் படத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் அல்லது போட்டோ எடுத்துக்கொண்டு, அசலைத் தாள் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும்.

கேள்வி: என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலில் எல்லாம் போன பிறகு தாத்தா குடும்பத்தோடு மதுரைக்கு வந்துவிட்டார். அப்போது அம்மாவுக்கு 12 வயது. அந்த ஊரைப் பற்றி ஓயாமல் சொல்கிறார். ஆனால் ஒருமுறை சொன்னது மறுமுறை மாறுகிறது. எங்களிடம் இருப்பவை இரண்டே பொருள்கள்: அம்மாவின் 1971 கல்யாண மொய் நோட்டு, புயலுக்கு முன்பே பாம்பனில் அடகு வைத்திருந்ததால் தப்பித்த ஒரு பித்தளை அண்டா. இவற்றை வைத்து ஊர்க்கதையை எழுதி வைக்க முடியுமா?
– வாசகி, செல்லூர்

பதில்: அண்டாவை அடகு வைத்த உங்கள் பாட்டிக்கு முதலில் ஒரு கும்பிடு. வீட்டில் பத்திரமாக வைத்ததெல்லாம் கடலோடு போயிருக்கிறது, அடகுக்கடையில் கிடந்தது தப்பித்திருக்கிறது. எழுதுவதை அங்கிருந்தே தொடங்குங்கள், தாயி. என்ன செலவுக்காக அது அடகுக்குப் போனது? உடுத்த துணியில்லாமல் நின்ற குடும்பம் எந்தப் பணத்தில் அதை மீட்டது? எனக்கே கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

அண்டாவின் கழுத்துப் பக்கம் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தே எழுத்து மழுங்கியிருந்தால், மெல்லிய தாளை அதன்மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேயுங்கள். புள்ளி புள்ளியாக எழுத்து தாளில் வரும். சீர் கொடுத்தவர் பெயரோ தேதியோகூட வரலாம். இனிமேல் அதற்குப் புளி வேண்டாம்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து மொய் நோட்டுதான். நம்ம பக்கம் அதை வாங்கின கடன், கொடுக்கிற கடன் என்றுதான் பார்ப்போம். பெயரோடு ஊரும் எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அம்மாவின் சொந்தபந்தம் 1971இல் எங்கெங்கே இருந்து வந்து மொய் எழுதியது? ராமேஸ்வரமா, தங்கச்சிமடமா, மண்டபமா? யாராவது ‘தனுஷ்கோடி, இருப்பு ராமேஸ்வரம்’ என்று எழுதச் சொல்லியிருந்தால் அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள், தாளில் அல்ல, உங்கள் குறிப்பில். ஊர் போய் ஏழு வருடம் கழித்தும் அதுதான் தன் ஊர் என்று சொன்ன ஆள் அவர்.

‘ஊர் எப்படிம்மா இருந்துச்சு?’ என்று கேட்டால், ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்று முடித்துவிடுவார். நோட்டை விரித்து, ‘ரெண்டு ரூபா எழுதியிருக்காரே, இவரு யாரு?’ என்று கேளுங்கள். தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி, ஸ்டேஷன் எங்கே, தபால் ஆபீஸ் எங்கே, பவளப்பாறைக் கல்லில் கட்டிய மாதா கோயில் எங்கே, உங்கள் வீடு எங்கே என்று வைக்கச் சொல்லுங்கள். இலங்கைத் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்காகப் போட் மெயில் ரயிலில் வந்து இறங்கியவர்களிடம் என்ன விற்றார்கள், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்தது யார் வேலை என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யும்போது முதலில் அன்றைய தேதியைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது.

அப்புறம், கதை மாறுகிறது என்கிறீர்கள். மாறட்டும். அன்று ‘அமாவாசை இருட்டு’ என்று அம்மா சொல்லக்கூடும். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை ராத்திரி. பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மேகம் மூடி நிலவு தெரியாமல் போயிருக்கும், 12 வயதுப் பிள்ளைக்கு அது அமாவாசைதான். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன ராத்திரி அது. அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். பஞ்சாங்கக் கணக்கை ஓரத்தில் வேறு மையில் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை மாற்றிச் சொன்னால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். பேச்சின் நடுவில் மட்டும் திருத்தாதீர்கள், வாயை மூடிக்கொள்வார்.

நோட்டு விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு மொய் நோட்டு பைண்டிங்குக்கு வந்தது. வழக்கம்போல மூன்று பக்கமும் மெஷினில் ஓரம் வெட்டி, அழகாகச் சிவப்புத் துணி போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த பெரியம்மா முகம் சுருங்கிப்போனது. யார் யாருக்குத் திருப்பிச் செய்தாகிவிட்டது என்று ஓரத்தில் பொடி எழுத்தில் அவர் எழுதி வைத்ததெல்லாம் என் குப்பைக்கூடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. கூலி வாங்கவில்லை. எந்த பைண்டரிடம் கொடுத்தாலும், ‘ஓரம் வெட்டாதீங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துருப்பிடித்த கம்பிப் பின் இருந்தால் கழற்றி நூலால் தைக்கச் சொல்லுங்கள். செல்லோடேப் கிட்டேயே வரக்கூடாது. அதற்கு முன்னால், எழுதாத பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து மூன்று வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பூர்வீகம் கீழக்கரை. கொள்ளுத்தாத்தா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்கள் அரபி எழுத்தில் இருக்கின்றன. அரபி படித்தவரிடம் காட்டினால், எழுத்துக் கூட்ட முடிகிறது, அர்த்தம் வரவில்லை என்கிறார். ஒரே புத்தகமாகத் தைத்துத் தர முடியுமா?
– வாசகர், கோரிப்பாளையம்

பதில்: அர்த்தம் வராதது அவர் குற்றமில்லை. அது அரபுத்தமிழாக இருக்கும், அர்வி என்றும் சொல்வார்கள். எழுத்து அரபி, பேச்சு தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ள போன்ற ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளியும் குறியும் போட்டுக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த, பழைய கிதாபு ஓதிய பெரியவர் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். காதில் விழுந்ததும் உங்களுக்கே புரியும். தைப்பதற்கு முன் தாள்களுக்குப் பென்சிலில் எண் போடுங்கள். புத்தகம் வலப்பக்கமாகத் திறக்கவேண்டும் என்று பட்டறையில் எழுதியே கொடுங்கள், எங்கள் கை பழக்கத்தில் இடப்பக்கம்தான் போகும்.