சேமக்காலை இக்ஸோரா ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: ஐயா, கொழும்பு முகத்துவாரப் பக்கம் சின்னதாகப் பூக்கன்று வளர்த்து விற்கிறேன், பின்னால் நாலு பாத்தி கீரையும் உண்டு. சேமக்காலையில் கல்லறைகளைச் சுற்றிக் கன்று நட்டுப் பராமரிக்கவும் என்னைக் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒரு புதுக் கல்லறையில் நட்ட இக்ஸோரா (வெட்சி) முழுக்க வெளிறிப் போகிறது, படம் அனுப்பியிருக்கிறேன். உரக்கடையில் டொலமைட் சுண்ணாம்புத் தூளும் யூரியாவும் போடச் சொன்னார்கள், போட்டேன், இன்னும் மோசம். குழி வெட்டுகிறவர் பிணச் சூடு என்கிறார். அப்படியென்றால் என் கீரையும் பழுதாகுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் கல்லறை, இந்தப் பக்கம் என் கிணறு. வீட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

பதில்: பிணச் சூடு என்று ஒன்றும் இல்லை தம்பி. ஓர் ஆளின் உடம்பில் இருக்கிற நைதரசன் ஏறத்தாழ 2 கிலோ, அதாவது 4 கிலோ யூரியாவில் உள்ள அளவு. அது மேல்மண்ணில் ஒரே இடத்தில் இறங்கினால் செடி கருகும், உண்மைதான். செத்துக் கிடக்கிற மாட்டைச் சுற்றிப் புல் முதலில் கருகி அப்புறம் கொழுத்து வளர்வதும் அதனால்தான். ஆனால் பெட்டி கிடப்பது ஐந்தாறு அடி ஆழத்தில், இக்ஸோராவின் வேர் பெரும்பாலும் மேலே ஓர் அடி, ஒன்றரை அடிக்குள். குழி தோண்டும்போது அடியில் கிடந்த சத்தில்லாத மண் மேலே வந்துவிடுகிறது, அதற்குக் கூட்டெரு போதும்.

படத்தில் இலை நரம்பு பச்சை, இடைப்பட்ட பகுதி மஞ்சள், அதுவும் குருத்திலைகளில்தான் முதலில். இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, நம்முடைய மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். வேரால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான், எடுக்க விடாமல் தடுப்பது சீமெந்து, அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்துவிடுகிறது. கல்லறை கட்டுகிற பாஸ் பக்கத்திலேயே கலவை குழைத்து, மிச்சத்தை அங்கேயே தட்டிவிட்டு, கரண்டியையும் வாளியையும் அதே இடத்தில் கழுவி ஊற்றிவிட்டுப் போகிறார், அதன் மேல் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 2, இறந்தவர்களை நினைவுகூரும் நாள், வருவதற்கு முன் சுண்ணாம்பு அடிக்கிறீர்கள், மழை அத்தனையையும் கழுவி வேரடியில் விடுகிறது, இக்ஸோராவோ புளிப்பு மண் கேட்கிற செடி. சேமக்காலை மண்ணைச் செத்தவர்கள் கெடுப்பதைவிட உயிரோடு இருக்கிறவர்கள் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அதிகமாகக் கெடுக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாபிள் பதித்து, சுற்றிவர ஒரு கை அகலத்துக்கு மண் விட்டு, அதில் செடி பூக்கவேண்டுமாம்!

சந்தேகமென்றால் வேரடி மண் ஒரு கைப்பிடி எடுத்துக் கோப்பையில் போட்டு வினாகிரி ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்புதான்.

உரக்கடைக்காரருக்கு டொலமைட் ஒரு மந்திரம். ஈரவலய மண் புளிப்பு என்பதால் பல தோட்டங்களுக்கு அது சரி, ஆனால் ஏற்கனவே சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டச் சொன்னவர் உங்கள் செடியைப் பார்க்கவில்லை, தன் மூட்டையைத்தான் பார்த்திருக்கிறார். யூரியாவையும் நிறுத்துங்கள். செடியைச் சுற்றி ஓர் அடி மண்ணைக் கலவைக் கட்டிகளோடு அள்ளி வெளியே போட்டுவிட்டு, சுண்ணாம்பு படாத செம்மண், கூட்டெரு, தும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். அதுவரை அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) லீற்றருக்கு 5 கிராம், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் அடியுங்கள். அது தற்காலிகம்தான்.

இனி, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன கிணறு. கடிதத்தை அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் புதைகுழிக்கும் 250 மீற்றராவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. உங்களுடையது ஒரு மதில் தூரம். உடம்பு கெடாமலிருக்க ஏற்றுகிற போமலினை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும், பெட்டிக் கைப்பிடியின் உலோகம் லேசில் நகராது. உடம்பின் நைதரசன் மாறி உண்டாகும் நைத்திரேற்றும் கிருமியும்தான் நீரோடு ஓடும். காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அது ஆபத்து.

2020இல் கொரோனாவால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்கள் மறுத்தும் எரித்தார்களே, அந்தக் கதை அல்ல இது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை அரசு விடவில்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கவில்லை, நைத்திரேற்றுக்கு இருக்கிறது. ஆனாலும் உங்கள் பகுதியில் கிணற்றைக் கெடுப்பது கல்லறையைவிடப் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எதுவானாலும் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

கீரைக்குக் கிணற்று நீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றினால் போதும், விற்பதற்கு முன் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். நைத்திரேற்று உள்ள நீர் கீரைக்கு உரம்தான், ஆகவே அதற்கும் யூரியா வேண்டாம். மாபிள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வீட்டுக்காரருக்கு இக்ஸோராவை விட்டுவிட்டு, சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும் வேறொரு பூச்செடியை நட்டுக் கொடுங்கள். பூச்சாடியில் தண்ணீர் தேங்க விடாமல் மண் நிரப்பிவிடுங்கள், டெங்குக்காரர்கள் வந்தால் முதலில் பிடிப்பது பராமரிக்கிற உங்களைத்தான்.