வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எம்.பி. ஒருவர் ராஜினாமா செய்தால் இடைத்தேர்தல் கட்டாயம் வருமா?

பதில்: எப்போதும் வராது. காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. ஆனால் மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். கடிதம் கொடுத்த நாள் கணக்கில் வராது. சபாநாயகர் ஏற்று இடம் காலியாகும் நாளே முக்கியம். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் 5 எம்.பி.க்கள் 2018 ஏப்ரலில் கடிதம் கொடுத்தார்கள். அது ஏற்கப்பட்டது ஜூன் 20-ல். மக்களவையின் காலமோ 2019 ஜூன் 3 வரைதான். எனவே ஆந்திரத்தில் இடைத்தேர்தல் இல்லை. மே மாதமே காலியான கர்நாடகத்தின் பெல்லாரி, ஷிமோகா, மாண்டியாவில் நவம்பர் 3-ல் வாக்குப்பதிவு நடந்தது. வென்றவர்களுக்குக் கிடைத்தது மிச்சக் காலம் மட்டுமே, புதிய 5 ஆண்டுகள் அல்ல.