கேள்வி: "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு நான் என்ன நம்பிக்கை கொடுப்பது?

கேட்டிருப்பவரின் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய், மருந்து இனிக் கேட்காதாம். பொய் சொல்ல மனமில்லை, உண்மையைச் சொல்லப் பயம் என்று எழுதியிருக்கிறார். நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் எங்கள் பெரியப்பாவைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்த ஆட்களில் ஒருவன், அவ்வளவுதான்.

முதலில் நோவைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க அனுங்கிக்கொண்டு கிடக்கிற மனிசனிடம் போய்க் கடவுள் இருக்கிறார் என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. மோர்பின் என்றதும் எங்கள் ஊரில் "அதைக் குடுத்தா ஆள் கெதியாப் போயிடும்" என்று ஒரு கதை இருக்கிறது, அதைக் காதில் போடாதீர்கள், வைத்தியர் அளவு பார்த்து எழுதித் தருகிற மோர்பின் ஆளைக் கொல்லாது. நோவு வந்து துடித்த பிறகு கொடுக்கிற மருந்தும் இல்லை அது, மணிக்கணக்குப்படி, அடுத்த நோவு வருவதற்கு முன்னமே கொடுக்க வேண்டும். 1967இல் லண்டனில் கடைசிக்கால நோயாளரைப் பராமரிக்கிற செயின்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் அந்தக் காலத்திலேயே இதைத்தான் வலியுறுத்தினார். மோர்பின் குடித்தால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நோவையும் அவதியையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் கைகழுவி விடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இதையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேர் தாண்டுகிற காலத்தைப் பார்த்தால், மற்றவர்கள் 8.9 மாதம் உயிரோடு இருக்க இவர்கள் 11.6 மாதம் இருந்தார்கள். உங்கள் அப்பாவின் நோய் வேறு, அதனால் இந்த மாதக் கணக்கை அவருக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, நோவுக்கு மருந்து கேட்கக் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை.

சரி, நம்பிக்கைக்கு வருகிறேன். பெரியப்பாவை வருத்தம் பார்க்க வந்த சனமெல்லாம் ஹோர்லிக்ஸும் அப்பிளும் கொண்டுவந்து, கதிரையில் இருந்து, "ஒண்டும் இல்ல, சுகமாயிடும், யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்துக்கொள்வார். இரண்டு வாய்த் தண்ணீர் இறங்காத ஆளுக்குச் சுகமாகும் என்று சொன்னால் அவர் யாரிடம்தான் மனம் விட்டுக் கதைப்பார்?

பெரியம்மா அப்படியில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்து, "என்ன யோசிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டா. மனிசன் உடனே கணக்கு எழுதி வைக்கிற சீஆர் கொப்பியை எடுத்து வரச் சொன்னார். யார் யார் உரத்துக்குக் காசு தர வேண்டும், யாருக்கு மெஷின் கூலி பாக்கி என்று எல்லாம் அதில் இருந்தது. என்னை வாசிக்கச் சொல்லி, இரண்டு பேருடைய கடனை வெட்டிவிடச் சொன்னார், பாவம் அவையள் என்று. மூன்றாவது பெயர் வந்ததும் கண்ணைத் திறந்து, "இவனிட்ட விடாத மனே, கட்டாயம் வாங்கு" என்றார், வீடே சிரித்தது. அடுத்த கிழமை நொத்தாரிசை வீட்டுக்குக் கூட்டிவந்து இருக்கிற வீட்டை இளைய மகளுக்கு எழுதினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அது முடியாமல் கிடந்தது அவரை அரித்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதன் பிறகு பின்னேரம் பின்னேரம் வயல் வட்டையில் வெள்ளாமை எப்படி என்று கேட்பார், கதிர் வந்துவிட்டது என்றால் முகம் தெளியும். வெட்டுக்கு முன்னமே போய்விட்டார், ஆனால் யாருடைய மெஷினைப் பிடிப்பது என்பது வரைக்கும் அவர்தான் தீர்மானித்தார்.

அதனால் நோய் மாறும் என்ற ஒன்றில் மட்டும் நம்பிக்கையைக் கட்டிவைக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கும் முடிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும், அதைக் கேட்டுப் பிடியுங்கள். உண்மையை நீங்களாக எடுத்துப் போட வேண்டியதில்லை, "டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நினைக்கிறீங்க அப்பா?" என்று கேளுங்கள், அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிய விருப்பம் என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். "நான் போயிடுவனா?" என்று நேரே கேட்டால் "விசர்க் கதை கதையாதீங்க" என்று வாயை அடைக்க வேண்டாம். "வருத்தம் கூடிக்கொண்டுதான் வருது அப்பா, நாங்க உங்களத் தனிய விடமாட்டம், நோவு இல்லாமப் பாப்பம்" என்று சொல்லலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அப்புறம் சாப்பாடு. கடைசி நாட்களில் பசி தானாகவே நின்றுபோகும், பட்டினி போட்டுவிட்டோம் என்று அழ வேண்டாம். வற்புறுத்திக் கஞ்சி பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பால் பருக்குகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், விழுங்க ஏலாத ஆளுக்குக் கரண்டியால் ஊற்ற விடாதீர்கள், பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும். மூச்சில் கரகரப்புக் கேட்டால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், கேட்கிற உங்களுக்கு இருக்கிற அவதி பெரும்பாலும் அவருக்கு இருக்காது. பதில் சொல்லாவிட்டாலும் கதையுங்கள், காது கேட்கலாம்.

இதை நீங்களும் அம்மாவும் மட்டும் தூக்கிச் சுமக்க ஏலாது. மச்சான்மார், பெரியம்மாட மக்கள் என்று யார் இருந்தாலும் ராத்திரிக்கு முறை போடுங்கள். ஆம்பிளைகள் இதெல்லாம் செய்வதா என்று யாராவது இழுத்தால் விடாதீர்கள், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைப் பிரட்டிப் படுக்க வைக்க நல்ல பலமான கை வேண்டும்.