சிங்கப்பூரில் வேலைநிறுத்தமே நடப்பதில்லை. பிறகு தொழிற்சங்கம் எதை வைத்துச் சம்பளம் பேசுகிறது?

கேள்வி கேட்டவர் ஜூரோங்கில் சங்கம் இல்லாத ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாராம். "சந்தா கட்டினால் பேரங்காடியில் தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். நான் ஒரு மின்னணுப் பாகத் தொழிற்சாலையின் தொழிற்சங்கக் கிளைச் செயற்குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன்; நிர்வாகத்துக்கு எதிரே உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் பேசியிருக்கிறேன். தள்ளுபடிக் கிண்டலை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் பேரம் நடக்கிறது. சில நேரங்களில் மிகக் கடுமையாகவே நடக்கிறது. கதவு மூடிய அறைக்குள் நடப்பதால் வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

1960இல் வந்த தொழில் உறவுச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. ஒரு நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்துவிட்டால், பேச்சுக்கு அழைக்கும்போது எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. பேச்சு முறிந்தால் மனிதவள அமைச்சு சமரசத்துக்கு உட்கார வைக்கும். அங்கேயும் முடியாவிட்டால் தொழில் நடுவர் நீதிமன்றம். வழக்கு அங்கே போய்விட்டால் வேலைநிறுத்தம் செய்ய இடமில்லை. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். உடன்பாடு ஏற்பட்டாலும் அதை அதே நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு அது தீர்ப்புக்குச் சமமான வலிமையுடன் நிற்கும். மேலாளர் மாறினாலும் அவர் விருப்பத்துக்கு அதை ஒதுக்கிவைக்க முடியாது.

சரி, நிர்வாகம் எதற்குப் பயப்படுகிறது? நான் பார்த்தவரை இழுபறிக்குத்தான். பழைய ஒப்பந்தம் காலாவதியாகி, புதியது கையெழுத்தாகாமல் மாதங்கள் ஓடினால் சம்பள உயர்வு நின்றுபோகும். உற்பத்திப் பிரிவில் முணுமுணுப்பு எழும். நல்ல டெக்னீஷியன்கள் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். போனவர் இடத்தில் உடனே ஒரு வெளிநாட்டு ஊழியரைக் கொண்டுவரலாம் என்றால் இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீட்டு வரம்பு இருக்கிறது, மாதந்தோறும் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை இருக்கிறது. இந்த ஊரில் ஆள் கிடைப்பதே கஷ்டம். எங்கள் துருப்புச்சீட்டு பெரும்பாலும் அதுதான்.

மேசையில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம், எண்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். ஒரு முறை நிர்வாகம், "இந்த ஆண்டு ஆர்டர் குறைவு, அடிப்படைச் சம்பளத்தைத் தொட முடியாது, பதிலாக எல்லாருக்கும் ஒரே தடவையாக 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறோம்" என்றது. நாங்கள் கேட்டது மாதம் 60 வெள்ளி அடிப்படை உயர்வு. உணவகத்தில் மூத்தவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, ஆயிரம் வெள்ளி ரொக்கமாக வருகிறது, அதை விட்டுவிட்டு அறுபதுக்கு மல்லுக்கட்டுகிறீர்களே?" அவர் கோபம் நியாயமானது, தீபாவளி அடுத்த மாதம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வெள்ளி ஏறினால் பன்னிரண்டு மாதங்களோடு, ஆண்டுக்கு ஒரு முறை கூடுதலாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்திலும் சேரும். ஆண்டுக்கு 780, மூன்று ஆண்டுக்கு 2,340. ஓவர்டைம் வேறு. மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேர விகிதம். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்பவருக்கு அந்த 60 வெள்ளியால் மட்டும் ஏறத்தாழ 19 வெள்ளி கூடும். மூன்று ஆண்டில் மொத்தம் 3,000 வெள்ளியைத் தாண்டிவிடும். அடுத்த உயர்வு சதவீதத்தில் வந்தால் அதுவும் இந்த உயர்ந்த அடிப்படையிலிருந்துதான் தொடங்கும். அந்த மூத்தவரிடம் இதை ஒரு பழைய சம்பளச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். முழுச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் கூட்டத்தில் எதிர்க்கவும் இல்லை. கடைசியில் அடிப்படையில் 45, கூடவே ஒரு சிறு ரொக்கத் தொகை என்று முடிந்தது.

இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கும் நன்றாகத் தெரியும். ரொக்கத்தை முதலில் நீட்டுவதே அதனால்தான்.

தேசிய சம்பள மன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972இல் அமைந்த முத்தரப்பு மன்றம். பேராசிரியர் லிம் சொங் யா 2001 வரை தலைவர். அரசாங்கம், முதலாளிகள், சங்கம் மூன்றும் உட்கார்ந்து ஆண்டுதோறும் வழிகாட்டி வெளியிடும். கட்டாயமில்லை. ஆனால் எங்கள் அறையில் இரு தரப்பும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசும், அவரவருக்குப் பிடித்த பத்தியில் கோடு போட்டுக்கொண்டு. 2012இல் மாதம் 1,000 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் உள்ளவர்களுக்குக் குறைந்தது 50 வெள்ளி உயர்வு என்று மன்றம் வெள்ளிக் கணக்கில் சொன்னது. வெறும் சதவீதமாகச் சொன்னால் மேலே இருப்பவருக்குத்தான் அதிகம் போகும். வெள்ளியில் சொன்னால் கீழே இருப்பவருக்குப் பலன். அதே மன்றத்தின் காலத்தில்தான் மந்தநிலை வந்தபோது இறக்கமும் நடந்தது: 1986இல் ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆனது. சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் மூத்த தலைமுறை இதை இன்னும் மறக்கவில்லை.

இனி சங்கத்தால் முடியாதவை. 1968 திருத்தத்துக்குப் பிறகு பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம், யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் நிர்வாகத்தின் உரிமை. இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் வைக்கவே முடியாது. ஆக, "ஆட்குறைப்பு செய்யாதே" என்று பேரம் பேச வழியில்லை. "செய்தால் எவ்வளவு தருவாய்" என்று பேசலாம். சட்டப்படி ஆட்குறைப்பு இழப்பீடு கட்டாயமில்லாத இந்த நாட்டில் அது சின்ன விஷயமல்ல. பொதுவான வழக்கம் ஓர் ஆண்டுச் சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. சங்கம் உள்ள இடத்தில் ஒரு மாதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது வழக்கம். என்னைக் கேட்டால், இந்த ஒரு வரிக்காகவே சந்தா கட்டலாம். இரவு ஷிப்ட் படி, பல் மருத்துவச் செலவு, எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருபவர்களுக்கான பஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க அப்படியல்ல. உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை பெற வேண்டும். பஸ் போன்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். தண்ணீர், மின்சாரம், எரிவாயுவில் அறவே கூடாது. 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனத்தில் 61 பேர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்புதல் தந்தவர் அப்போது சங்கங்களின் கூட்டமைப்பான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமைச் செயலாளராகவும் அமைச்சராகவும் இருந்த ஓங் டெங் சியோங். அமைச்சரவையிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறினார். 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த 171 பஸ் ஓட்டுநர்கள் முன்னறிவிப்பில்லாமல் வேலைக்குப் போகாததில் ஐவர்மீது வழக்கு, 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சங்கத் தலைவரே அமைச்சராகவும் இருந்தது சரியா என்று கேட்டால், கதவுகள் சீக்கிரம் திறந்தன, குரல் கொஞ்சம் அடங்கியது என்பேன். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவரே, இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். முதல் வேலை, உங்கள் துறைக்கான சங்கம் எது என்று கண்டுபிடித்து அதன் தொழில் உறவு அதிகாரியிடம் பேசுவது. பிறகு உறுப்பினர் சேர்ப்பு. வொர்க் பர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் சேரலாம், அவர்களை விட்டுவிடாதீர்கள். போதிய பேர் சேர்ந்ததும் சங்கம் அங்கீகாரம் கேட்டு எழுதும். நிர்வாகம் மறுத்தால் மனிதவள அமைச்சு ரகசிய வாக்கெடுப்பு நடத்தும், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரித்தால் அங்கீகாரம் கிடைத்துவிடும். வாக்கு ரகசியம் என்பதை இரவு ஷிப்ட் ஆட்களுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்; வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் வாக்களிக்க வருவதில்லை.